விளக்கிப் பளபளன்னு ஆக்கிட்ட வெள்ளிக் காசுக்குப் பழைய நெறம் திரும்ப வரணும்னா எந்த வழி நல்லது?

வெள்ளைக்காரங்க ஆட்சியில சிங்கப்பூர், மலாக்கா, பினாங்குல புழங்கின ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர், ஆசிய வியாபாரத்துக்குன்னு பிரிட்டிஷ்காரங்க அடிச்ச டிரேட் டாலர், விக்டோரியா ராணி தலை போட்ட இந்திய ரூபாய், இதெல்லாம் சிங்கப்பூர்ல நம்ம ஆளுங்க வீட்ல இன்னும் நெறைய இருக்கு, பாதி பூஜை அலமாரியில லட்சுமி படத்துக்கு முன்னாடி, மீதி பாட்டியோட பட்டுச்சேலைக்கு அடியில. தீபாவளிக்கு முன்னாடி குத்துவிளக்கு, குங்குமச்சிமிழ் எல்லாம் விளக்குறப்ப இந்தக் காசுங்களையும் சேர்த்துப் போட்டு விபூதி, புளி, எலுமிச்சம்பழம், பற்பசைன்னு கையில கெடைச்சதை வச்சுத் தேய்ச்சுடுவாங்க. காசு பளிச்சுன்னு ஆயிடும், எல்லாருக்கும் சந்தோஷம். அப்புறம் ஒரு நாள் காசு சேர்க்கிற யாராவது பார்த்துட்டு, நூறு வருஷத்து நெறம் போயிடுச்சேன்னு சொல்லும்போதுதான் இதை எப்படிப் பழையபடி ஆக்குறதுன்னு தேட ஆரம்பிப்போம்.

தேடினா வழி நெறைய வரும், முட்டையோட சேர்த்து மூடி வைங்க, கந்தகம் பூசுங்க, அவன் அடுப்புல சூடாக்குங்க, பிளீச்ல முக்குங்கன்னு. எது எந்தக் காசுக்கு ஒத்து வரும், எது இருக்கிறதையும் கெடுக்கும்னு பிரிச்சுச் சொல்றவங்கதான் கம்மி. என் முடிவை முதல்லயே சொல்லிடுறேன். வீட்டோட வச்சுக்கப் போற நல்ல காசுன்னா பிரவுன் பேப்பர் கவரும் பொறுமையும்தான். ரொம்ப விலையில்லாத காசு, சீக்கிரம் வேணும்னா முட்டை. லிவர் ஆஃப் சல்ஃபர்ங்கிற கந்தகக் கலவை நகையாப் போடுற காசுக்கு மட்டும். அவன், பிளீச், அயோடின் பக்கம் போகவே வேணாம். இன்னொன்னு, சில காசை அப்படியே விட்டுடுறதுதான் அதுக்கு நல்லது, அதையும் கீழ சொல்றேன்.

முதல்ல அந்த நெறம் என்னன்னு தெரிஞ்சுக்கணும். இரும்பு மாதிரி வெள்ளி காத்துல இருக்கிற ஆக்சிஜனால துருப்பிடிக்கிறது கெடையாது. காத்துல ரொம்பக் கொஞ்சமா இருக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைட் மாதிரி கந்தக வாயுங்க மேல படிஞ்சு சில்வர் சல்ஃபைட்னு ஒரு மெல்லிசான படலம் உண்டாகுது. ஒரு மில்லிமீட்டர்ல பத்தாயிரத்துல ஒரு பங்குக்கும் கம்மியான கனத்துலயே நெறம் தெரிய ஆரம்பிச்சுடும். மழை பெஞ்ச ரோட்டுல எண்ணெய் சிந்தினா வானவில் மாதிரி தெரியுமே, அதே சங்கதிதான் இங்கயும், படலத்தோட கனம் கூடக் கூட நெறம் மாறும். முதல்ல வெளிர் மஞ்சள், அப்புறம் தங்க நெறம், செம்பழுப்பு, ஊதா, நீலம், அதுக்கு மேல போனா இன்னொரு சுத்து மஞ்சள், சிவப்பு, பச்சைன்னு வந்து கடைசியில சாம்பல் கறுப்பு. இந்த வரிசையை மனசுல வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும். ஈரப்பதம் இருந்தா இது வேகமா நடக்கும், நம்ம ஊர்ல சராசரி ஈரப்பதமே 80 சதவீதத்துக்கு மேல, அதனால காய்ஞ்ச ஊர்ல இருக்கிறவங்க சொல்ற கால அளவு இங்க அப்படியே பொருந்தாது, கொஞ்சம் சீக்கிரமே நெறம் வந்துடும், அதே காரணத்தால கையை மீறியும் போயிடும்.

இப்ப முக்கியமான விஷயம். நெறத்தைத் திரும்பக் கொண்டு வரலாம், தேய்ஞ்சு போன மேல்பரப்பைக் கொண்டு வர முடியாது. அதனால வழியைத் தேர்ந்தெடுக்கிறதுக்கு முன்னாடி உங்க காசை என்ன பண்ணியிருக்காங்கன்னு பார்க்கணும். போன்ல டார்ச் போட்டு, காசைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சு மெதுவாத் திருப்பிப் பாருங்க. மெல்லிய கீறல் ஒரே பக்கமாவோ வட்ட வட்டமாவோ ஓடுச்சுன்னா அது விபூதி, பற்பசை, பாலிஷ் துணி வச்சுத் தேய்ச்சது. கீறலே இல்லாம வெள்ளை வெளேர்னு இருக்கு, ஆனா உயிரில்லாம மங்கலா இருக்குன்னா அது டிப், அதாவது தையோயூரியாவும் அமிலமும் கலந்த தண்ணியில முக்கி எடுத்தது, கொஞ்ச நேரம் முக்கினா படலம் மட்டும் போகும், அதிகமா முக்கினா அடியில இருக்கிற வெள்ளியையும் கொஞ்சம் கரைச்சுடும். புது நாணயத்தைத் திருப்பினா வெளிச்சம் சக்கரம் மாதிரி சுத்தும் இல்லையா, அது அச்சடிக்கும்போது உலோகம் நகர்ந்ததால வர்ற நுண்ணிய வரிங்களோட வேலை, அதிகமா டிப் பண்ணா அந்த வரிங்க மழுங்கிடும். அலுமினியம் ஃபாயிலும் சமையல் சோடாவும் சுடுதண்ணியும் போடுற வழி இருக்கே, அது படலத்தை மறுபடி வெள்ளியாவே மாத்துது, கீறல் விழாதுதான், ஆனா பால் மாதிரி ஒரு வெளுப்பு தங்கிடும்.

டிப் பண்ண காசுக்கும் ஃபாயில் போட்ட காசுக்கும் நெறம் வந்தா நல்லாவே அமையும். தேய்ச்ச காசுக்கு நெறம் வந்தாலும் கீறல் மறையாது, சில சமயம் கீறல் வழியே நெறம் கோடு கோடாப் படிஞ்சு இன்னும் எடுப்பாத் தெரியும். ஆழமாத் தேய்ச்ச காசுக்கு எந்த வழியும் பெரிசா உதவாது, அதை மெனக்கெடாம காத்துப் படுற எடத்துல விட்டுடுங்க, பளபளப்பு அடங்கினாலே பார்க்கிறதுக்குக் கண்ணை உறுத்தாது.

அடுத்து உலோகம். இதை யாரும் கண்டுக்கிறதில்ல, ஆனா பலனைத் தீர்மானிக்கிறதே இதுதான். எட்வர்ட் மன்னர் தலை போட்ட 1903, 1904 வருஷத்து ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர் 90 சதவீத வெள்ளி, 26.95 கிராம் எடை, அடிச்சது பம்பாய் டங்கசாலையில, இங்க புழங்கின மெக்சிகோ டாலரையும் பிரிட்டிஷ் டிரேட் டாலரையும் கப்பல்ல அனுப்பி உருக்கித்தான் அதை அடிச்சாங்க. 1907ல வந்த டாலரும் 90 சதவீதம்தான், எடையை மட்டும் 20.21 கிராமாக் கொறைச்சுட்டாங்க, அப்ப வெள்ளி விலை ஏறிப் போயிருந்தது. அஞ்சாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட 1919, 1920 டாலர் வெறும் 50 சதவீதம். 1918லேர்ந்து 1920 வரைக்கும் வந்த 10 சென்ட் 40 சதவீதம்தான். ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட மலாயா காசு 1939ல 75 சதவீதம், 1943, 1945ல 50. ஊர்லேர்ந்து கொண்டு வந்த பழைய இந்திய ரூபாய் 11.66 கிராம், சுமார் 92 சதவீதம், ரெண்டாம் உலகப் போர் நேரத்துல அதுவும் 50க்கு வந்துடுச்சு.

90 சதவீதம், அதுக்கு மேலன்னா நெறம் சுத்தமா வரிசைப்படி வரும். 50 சதவீதம், 40 சதவீதத்துல மீதி பெரும்பாலும் செம்பு, அதுவும் சேர்ந்து வேலை செய்யும், பழுப்பு, அழுக்கு மஞ்சள், சில எடத்துல சிவப்புன்னு திட்டுத் திட்டா வரும். அதுலயும் மட்டமான வெள்ளிக் காசைத் தேய்ச்சா மேல இருக்கிற வெள்ளி அதிகமான தோல் போயி அடியில இருக்கிற செம்பு எட்டிப் பார்க்கும், அந்தக் காசுக்கு வேகமான வழி எதைப் போட்டாலும் அசிங்கமாத்தான் முடியும். 1919, 1920 டாலர் வச்சிருக்கிறவங்க முட்டை, லிவர் ரெண்டையும் மறந்துடுங்க, பேப்பர் மட்டும்தான்.

இன்னொரு வேலையும் இங்கயே முடிச்சுடலாம். டிரேட் டாலர்ல போலி ஏராளம், எதையும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சமையலறைத் தராசுலயாவது எடை போட்டுப் பாருங்க, 1895லேர்ந்து 1935 வரைக்கும் வந்த டிரேட் டாலரும் 27 கிராமுக்குக் கிட்டதான் இருக்கணும், காந்தத்துல ஒட்டக் கூடாது. 2017 ஜூலையில மூடின சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில வாங்கின காசா இருந்தா ரெண்டு தடவை பாருங்க.

எந்த நெறம் வேணும்னு நெனைக்கிறோம்ங்கிறதுலயும் நெறைய பேர் வழி தவறிடுறாங்க. வானவில் நெறத்துக்கு அதிக விலைன்னு கேள்விப்பட்டு அதைக் கொண்டு வரப் பார்க்கிறாங்க. ஆனா தாத்தா இடுப்புல முடிஞ்சு வச்ச, கடையில கை மாறி மாறி வந்த காசுக்கு இயல்பான நெறம் வானவில் இல்ல, சாம்பல்தான். எழுத்துச் சந்து, மன்னர் காதோரம், விளிம்போட உள்பக்கம் எல்லாம் கரும்சாம்பல், மேடான எடம் மட்டும் கை பட்டுப் பட்டு வெளிர் சாம்பல். சீனக் கடைக்காரங்க சோதிச்சுப் பார்த்து முத்திரை குத்தின டிரேட் டாலர்னா அந்த முத்திரைக் குழிக்குள்ள இன்னும் கறுப்பா இருக்கும். தேய்ஞ்ச காசு மேல நீலமும் ஊதாவும் அடிச்சா பார்த்த உடனே எதோ பண்ணியிருக்காங்கன்னு தெரிஞ்சுடும். வானவில் இயல்பா வர்றது புழங்காத புது நிலைக் காசுல, அதுவும் பேப்பர் ஆல்பத்துலயோ பையிலயோ வருஷக்கணக்காக் கெடந்ததுல, விளிம்புலேர்ந்து நடுவுக்கு மெதுவா, நான் மேல சொன்ன வரிசை மாறாம.

எந்த வழிக்கும் முன்னாடி செய்ய வேண்டியது

காசுல எண்ணெய், விரல் ரேகை, பழைய பாலிஷ் ஒட்டியிருந்தா நெறம் அந்த எடத்துல மட்டும் வராது, இல்லன்னா புள்ளி புள்ளியா வரும். சுத்தமான அசிட்டோன்ல சில நிமிஷம் ஊற வச்சு, வேற புது அசிட்டோன்ல அலசி, கடைசியா டிஸ்டில்டு வாட்டர்ல அலசி, பஞ்சுத் துணியில ஒத்தி எடுங்க, தேய்க்க வேணாம். நெயில் பாலிஷ் ரிமூவர் ஆகாது, அதுல எண்ணெய், வாசனையெல்லாம் கலந்திருப்பாங்க. அசிட்டோன் சட்டுனு தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் வேணாம், சன்னலைத் திறந்து வச்சுட்டுக் கண்ணாடிக் கிண்ணத்துல பண்ணுங்க. புளி, எலுமிச்சை போட்ட காசுன்னா எழுத்துச் சந்துல அமிலம் தங்கியிருக்கும், அதுக்கு அசிட்டோனை விட டிஸ்டில்டு வாட்டர்தான் முக்கியம், தண்ணியை மாத்தி மாத்தி ஊற வைங்க. கடையில விக்கிற சில வெள்ளி பாலிஷ்ல கறுக்காம இருக்கிறதுக்குன்னே ஒரு பொருள் சேர்த்திருப்பாங்க, அந்தக் காசு மாசக்கணக்குல அசையவே அசையாது, அதைப் பார்த்துப் பயந்து வேகமான வழிக்குப் போயிடாதீங்க, அது மெதுவாத்தான் விட்டுக் கொடுக்கும். இதுக்கப்புறம் காசை ஓரத்துல மட்டும் பிடிக்கணும், கையுறை போட்டா நைட்ரைல் போடுங்க, லேட்டக்ஸ் வேணாம்.

பிரவுன் பேப்பர் கவர்

இதுதான் எனக்குப் பிடிச்ச வழி. பழைய கிராஃப்ட் பேப்பர், மட்டமான அட்டை, சின்ன பிரவுன் சம்பளக் கவர், இதுலயெல்லாம் பேப்பர் செய்யும்போது சேர்ந்த கந்தகம் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அது வருஷக்கணக்குல மெதுவா வெளிய வரும். அமெரிக்காவுல வேய்ட் ரேமண்ட்னு பழைய அட்டை ஆல்பம் ஒன்னு உண்டு, அதுல கெடந்த காசுங்களோட நெறத்துக்குன்னே சேகரிக்கிறவங்க கூடுதல் விலை குடுக்கிறாங்க, அங்க நடந்ததும் இதேதான், அட்டையும் காலமும். இப்ப காயின் கடையில விக்கிற ஆசிட் ஃப்ரீ கவர் இதுக்கு ஆகாது, அது நெறம் மாறாம இருக்கணும்னே செஞ்சது, ஸ்டேஷனரி கடையில கெடைக்கிற சாதா பிரவுன் கவர்தான் வேணும்.

காசைக் கவர்ல போட்டு, மர டிராயர்லயோ மரப்பெட்டியிலயோ படுக்க வச்சுடுங்க. ஏர்கான் ரூம்ல காத்து காய்ஞ்சிருக்கும், மெதுவா ஆகும். ஏர்கான் இல்லாத ரூம்னா வேகம். சமையலறையில வைக்காதீங்க, தாளிக்கிற எண்ணெய்ப் புகை படிஞ்சு புள்ளி விழும். பாத்ரூம் பக்கம், தரை ஈரமாகிற எடம் வேணாம், பேப்பர் நனைஞ்சா காசுல கறை உக்காந்துடும். எச்டிபி அடுக்குமாடி வீட்ல பாம் ஷெல்ட்டர்ல, அதாவது அந்தக் கான்கிரீட் பாதுகாப்பு அறையில வைக்கிறவங்க நெறைய பேர், அங்க காத்து தேங்கி ஈரம் அப்படியே நிக்கும், கூடவே பெயின்ட், ரப்பர் செருப்பு, பழைய டயர்னு என்னென்னவோ இருக்கும், அதனால அது சரிவராது. ரப்பர்பேண்ட் போட்டுக் கவரைக் கட்டாதீங்க, ரப்பர்ல கந்தகம் உண்டு, பட்ட எடத்துல கறுப்புக் கோடு விழுந்துடும், பழைய காசுல குறுக்கே கோடு தெரிஞ்சா பெரும்பாலும் அதுதான்.

மாசத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்து, காசைத் திருப்பிப் போட்டா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். முதல்ல விளிம்புல மஞ்சள் தட்டும், அதைப் பார்க்கிறதே ஒரு சந்தோஷம், ஏன்னா அது காசுக்குள்ள இயல்பா நடக்க வேண்டிய விஷயம் மறுபடி ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம். டிப் பண்ண 90 சதவீதக் காசுக்குச் சில மாசத்துலயே மாத்தம் தெரியலாம், சாம்பல் இறங்கணும்னா வருஷம் கணக்கு. இதோட பெரிய பலம், இங்க நீங்க எதையும் பூசல, எதையும் சுரண்டல, காத்துல தானா நடக்கிறதைத்தான் கொஞ்சம் கூட்டிக் குடுக்கிறீங்க, எந்த நாள்லயும் நிறுத்திக்கலாம். குறைன்னு பார்த்தா நேரம், அப்புறம் எந்த நெறம் வரும்னு கட்டுப்படுத்த முடியாது.

இதோட சேர்ந்த இன்னொரு வழி, கவரே இல்லாம மேசையிலயோ சன்னலோரமோ சும்மா விட்டுடுறது. ரோட்டோரம் இருக்கிற வீடுன்னா இதுவே போதும். தூசி விழாம மேல ஒரு துணி வலை போட்டா சரி, ஆனா பேப்பர் அளவுக்குச் சீரா வராது, கடல் பக்கம் இருக்கிற வீடுங்கள்ல உப்புக் காத்தும் சேர்ந்துக்கும், அது நல்லதில்ல.

முட்டை

அவிச்ச முட்டையோட மஞ்சளைச் சுத்தி பச்சைச் சாம்பலா ஒரு வளையம் தெரியும் பார்த்திருப்பீங்க, வெள்ளைக்கருலேர்ந்து வர்ற ஹைட்ரஜன் சல்ஃபைட் மஞ்சள்ல இருக்கிற இரும்போட சேர்ந்து உண்டாகுறது அது. அதே வாயுவைத்தான் இங்க காசு மேல படிய விடுறோம். முட்டையை நல்லா அவிச்சு, ஆற விட்டு, ரெண்டா வெட்டி, மூடியுள்ள கண்ணாடி டப்பாவுல ஒரு ஓரமா வைக்கணும், காசை இன்னொரு ஓரத்துல சின்னத் தட்டு மேல முட்டையில படாம வைக்கணும். சூடா வச்சா ஆவி மூடியில நீராப் படிஞ்சு சொட்டும், சொட்டின எடத்துல வட்டக் கறை விழும், அதனால ஆறினதுக்கப்புறம்தான். கால் மணிக்கு ஒரு தடவை பாருங்க. மஞ்சள், தங்கம்னு சீக்கிரமே வர ஆரம்பிக்கும், விட்டுட்டுத் தூங்கிட்டா காலையில நீலக்கறுப்பா இருக்கும்.

நல்லது என்னன்னா செலவில்ல, வேகம், பூசுற வேலை இல்ல, உண்மையிலயே சில்வர் சல்ஃபைட்தான் உண்டாகுது, வேற எதுவும் இல்ல. கெட்டது, அந்த வேகமே. சில மணி நேரத்துல வந்த நெறத்துக்கும் பல வருஷத்துல வந்த நெறத்துக்கும் ரசாயனம் ஒன்னா இருந்தாலும் பார்வைக்கு ஒன்னா இருக்காது. மேடு பள்ளம் பார்க்காம எல்லா எடத்துலயும் ஒரே போர்வையாப் படியும், வரிசை இல்லாம மஞ்சளுக்குப் பக்கத்துலயே நீலம் உக்காந்திருக்கும். பழகின கண்ணுக்கு உடனே தெரியும். அதனால தேய்ஞ்ச சாதா ரூபாய், 10 சென்ட், 20 சென்ட் மாதிரி ரொம்ப விலையில்லாத, ஆனா மேல சொன்ன 50, 40 சதவீத வகையில சேராத காசுக்கு மட்டும், அதுவும் வெளிர் தங்க நெறம் வந்த உடனே நிறுத்தி எடுத்து, மீதியைப் பேப்பர் கவர் பார்த்துக்கட்டும்னு விட்டா, ரெண்டும் சேர்ந்து ஓரளவு நம்புற மாதிரி வரும். அவசரமும் வேணும் இயல்பாவும் தெரியணும்னு கேக்கிறவங்களுக்கு நான் சொல்றது இந்தக் கலப்பு வழியைத்தான்.

முட்டை வீட்டுக்குள்ளயே வராத குடும்பங்கள் இருக்கு, பூஜையில வச்ச காசை முட்டையோட வைக்க மனசு வராதவங்களும் இருக்காங்க. அவங்க அதைப் பத்தி யோசிக்கவே தேவையில்ல, பேப்பர் வழி எல்லா விதத்துலயும் இதை விட ஒசத்திதான்.

லிவர் ஆஃப் சல்ஃபர்

சிராங்கூன் ரோட்ல ஆக்சிடைஸ்டு நகைன்னு விக்கிறாங்களே, கறுப்பு ஓடின வெள்ளி ஜிமிக்கி, மோதிரம், அந்த மாதிரி வேலைக்கு நகை செய்றவங்க வச்சிருக்கிற பொருள் இது, பொட்டாசியமும் கந்தகமும் சேர்ந்தது, கட்டியாவும் ஜெல்லாவும் கெடைக்குது. வெதுவெதுப்பான தண்ணியில துளி கலந்து காசை முக்கினா சில நொடியில கறுத்துடும். சமையல் சோடாத் தண்ணியில போட்டு நிறுத்திட்டு, மேட்டை மட்டும் தேய்ச்சு வெளுக்க வைப்பாங்க, பள்ளம் கறுப்பாவே நிக்கும். பிரச்சினையே அந்தத் தேய்க்கிறதுலதான் இருக்கு. ஒரு தடவை தேய்ச்சுக் கெட்ட காசை மறுபடி தேய்க்கிறோம். பள்ளத்துல நிக்கிற கறுப்பும் மை ஊத்தின மாதிரி அடர்த்தியா, கோடு போட்ட மாதிரி இருக்கும், பழைய காசோட சாம்பல் அப்படி இருக்காது.

காசுமாலையில கோத்த காசு, பென்டன்ட் ஆக்கின காசு, ஓட்டை போட்டு வளையம் சாலிடர் வச்சது, இதெல்லாம் சேகரிப்புக் கணக்குல வராது, போட்டுக்கிறதுக்குத்தான், அதுக்கு இந்த வழி அழகாவே பொருந்தும். மத்த காசுக்கு நான் சொல்ல மாட்டேன். பாதுகாப்பையும் சொல்லணும், இது நாறும், சன்னல் திறந்த எடத்துல பண்ணணும், எலுமிச்சை, வினிகர், வேற எந்த அமிலத்தோடயும் சேரவே கூடாது, சேர்ந்தா ஹைட்ரஜன் சல்ஃபைட் மொத்தமா வெளிய வரும், அது விஷ வாயு. குழந்தைங்க இருக்கிற சின்ன வீட்ல இதுல இறங்காதீங்க, நகைக்கடையிலயே குடுத்துப் பண்ணிக்குங்க.

கந்தகத் தூளை வாசலின்ல கொழைச்சுப் பூசுறதுன்னு ஒன்னு இருக்கு. அது செப்புக் காசுக்குத்தான் நல்லா வேலை செய்யும், பழைய ஸ்ட்ரெய்ட்ஸ் ஒரு சென்ட்டைத் தேய்ச்சு ரோஸ் கலர்ல ஆக்கிட்டீங்கன்னா அதுக்குப் பாருங்க. வெள்ளியில எழுத்துச் சந்துல இருக்கிற வாசலினை முழுசா எடுக்கிறது பெரிய பாடு.

பாக்கெட்ல போட்டுக்கிட்டுத் திரியறதும் ஒரு வழிதான். வேர்வை, துணி, கை எல்லாம் சேர்ந்து மேடு வெளுத்து பள்ளம் கறுத்து, இயல்பான அந்தப் புழங்கின தோற்றம் இதுல வர்ற மாதிரி வேற எதுலயும் வராது, பற்பசைக் கீறல் கூட கொஞ்சம் மழுங்கும். ஆனா காசே தேயுதுங்கிறதை மறக்கக் கூடாது, முகம் ஏற்கெனவே தேய்ஞ்சு போன, விலைன்னு பெரிசா இல்லாத காசா இருக்கணும், சாவி, மத்த சில்லறை இல்லாத பாக்கெட்டா இருக்கணும்.

அவன்ல சூடாக்குறது, பிளீச், அயோடின் மூணும் ஏன் வேணாம்னா, சூட்டுல வர்ற நெறம் ரொம்பப் பளிச்சுன்னு போலியாத் தெரியும், மட்டமான வெள்ளியில செம்பு வேற கறுக்கும். பிளீச்ல உண்டாகுறது சில்வர் குளோரைட், அயோடின்ல சில்வர் அயோடைட், ரெண்டுமே பழைய காசோட இயல்பான படலம் இல்ல, வெளிச்சம் பட்டா அதுபாட்டுக்கு மாறிக்கிட்டே போகும். அதை எடுக்கணும்னா மறுபடி டிப்.

விக்கிற எண்ணம் இருந்தா

பிசிஜிஎஸ், என்ஜிசி மாதிரி காசைச் சோதிச்சுத் தரம் போடுற கிரேடிங் கம்பெனிக்கு அனுப்பினா நெறம் திரும்ப வந்த காசுக்கு நல்ல கிரேடு கெடைச்சுடும்னு நெனைக்காதீங்க. தேய்ச்ச அடையாளம் இருந்தா பிசிஜிஎஸ் 92னு ஒரு குறியீடு போட்டு கிளீன் பண்ணதுன்னு சொல்லிடும், நெறம் சந்தேகமா இருந்தா 91. ரெண்டு வகையிலயும் முறையான கிரேடு நம்பர் கெடைக்காது. அதாவது முட்டையில வேகமா நெறம் ஏத்தினா ஒரு குறைக்கு ரெண்டு குறை ஆயிடலாம். அரிதான வருஷம், அச்சுத் தெளிவா இருக்கிற டாலர்னு சந்தேகம் இருந்தா அசிட்டோன், டிஸ்டில்டு வாட்டரோட நிறுத்திக்கிட்டு, முதல்ல ஒரு நல்ல டீலர்கிட்ட காட்டுங்க, வெள்ளையா இருக்கிற டிப் பண்ண காசுக்கு இன்னும் ஒரு மதிப்பு இருக்கும், அதுல அவசரமா நெறம் ஏத்தினா அதுவும் போயிடும்.

ஆன்லைன்ல விக்கிற கேரோசெல் தளத்துல போடுறதா இருந்தா, முன்னாடி கிளீன் பண்ணது, பேப்பர்ல வச்சு மறுபடி நெறம் வந்ததுன்னு வெளிப்படையா எழுதிடுங்க. விலை கொஞ்சம் கொறையும்தான். ஆனா வாங்குறவர் பையனுக்குன்னு முதல் காசு வாங்குற அப்பாவா இருக்கலாம், பென்ஷன் பணத்துல சேர்க்கிற பெரியவரா இருக்கலாம், அவங்களுக்குத் தெரியணும். நெறம் திருப்புறது நம்ம காசை நாம பார்த்து ரசிக்கிறதுக்கு, இயல்பான காசுன்னு சொல்லி விக்கிறதுக்கு இல்ல, இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கெடையாது.

நெறம் வந்தாச்சு, எப்படி நிறுத்துறது? அசிட்டோன்ல ஒரு தடவை அலசினா ஒட்டியிருக்கிற எண்ணெய் போயிடும், நெறத்தை அது தொடாது. அப்புறம் காத்துப் புகாத கேப்சூல். மெல்லிசாக் கொழகொழன்னு இருக்கிற பிவிசி பிளாஸ்டிக் பவுச் வேண்டவே வேணாம், நம்ம சூட்டுல அது கசிஞ்சு பச்சையாப் பிசுபிசுன்னு காசுல ஒட்டும். கேமராவுக்கு வாங்கின டிரை கேபினெட் வீட்ல இருந்தா அதுல ஒரு ஓரம் போதும், 40லேர்ந்து 50 சதவீதம் ஈரப்பதத்துல வைங்க. சிலிக்கா ஜெல் மட்டும்னா இங்க சீக்கிரமே நீர் குடிச்சு வேலை செய்யாமப் போயிடும், கலர் மாறினதும் காய வச்சுப் போடணும். கேப்சூல் வாங்கும்போது அளவைப் பார்த்து வாங்குங்க, டிரேட் டாலர் 39 மில்லிமீட்டர், 1903 டாலர் 37, 1907 டாலர் 34.5, இந்திய ரூபாய் 30.5, பெரிய கேப்சூல்ல சின்னக் காசைப் போட்டா உள்ள ஆடி ஆடி, பொறுமையா வந்த நெறம் மேட்டுலேர்ந்துதான் முதல்ல உரசிப் போகும்.